ஓட்டையில்லாத துணியும் ஓட்டை விழுந்த மலையும்

துணியில் ஓட்டை இல்லை என்று புகார் வந்து ஆஸ்திரேலியா வரைக்கும் போன நெசவுக்காரன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எனக்குச் சங்கரன்கோவிலில் இருபது விசைத்தறி. சேலையும் துண்டும் நெய்துகொண்டிருந்தோம். சேலைக்கு ஆர்டர் குறைந்து, பாதித் தறி சும்மா நின்று, அதை எடைக்குப் போட்டுவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் சிட்னியிலிருந்து சாகுல் போன் செய்தார். கடையநல்லூர்க்காரர், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற ஊர். துபாய்க்குப் போய், அங்கிருந்து இன்னும் தள்ளிப் போய், சிட்னியில் ஏற்றுமதி இறக்குமதி பார்க்கிறவர்.

"காக்கா, இங்கன ஒரு நிலக்கரிக் கம்பெனிக்குச் சணல் துணி வேணுமாம். விரல் போகுத அளவுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கணும். சதுப்பு நிலத்துல விரிக்கதுக்கு. செய்வீயளா?"

நிலக்கரிக்கும் சதுப்புக்கும் சணலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். மலைக்கு அடியில் குடைந்து கரி எடுக்கிறார்களாம். எடுத்த இடம் உள்ளே இடிந்து விழுகிறதாம். மேலே தரை இறங்கிப் பாறை வெடித்து, அதன் மேல் இருக்கிற சதுப்பு காய்ந்துபோகிறதாம். காய்ந்த மண் மழையில் அடித்துப் போகாமல் இருக்கத் துணியை விரித்து, ஓட்டை வழியாகக் கோரைச் செடி நடுவார்களாம். செடி வேர் பிடித்ததும் துணி தானே மக்கிவிடும். மக்கிப்போவதற்கென்றே ஒரு துணியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆர்டர் ஆர்டர்தானே! நான்கு தறியைத் திருத்தி மாதிரி நெய்து அனுப்பினோம், பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு நான் குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டேன். முழு லோடையும் மேஸ்திரி முத்தையா ஓட்டினார். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர், துணியைத் தடவிப் பார்த்தே குறுக்கே எத்தனை ஊடை இழை விட்டிருக்கிறது என்று சொல்வார். அந்தத் திறமைதான் வினையாகப் போயிற்று.

"அண்ணாச்சி, கைய விட்டா அந்தப் பக்கம் போகுது. இதைப் போயி நம்ம பேரு போட்டு அனுப்புனா, சங்கரன்கோவில்காரன் நூலத் தின்னுட்டான்னு வெள்ளைக்காரன் காறித் துப்ப மாட்டானா? அதான் கொஞ்சம் நெருக்கிப் பிடிச்சேன்" என்றார். கொஞ்சம் என்றால் கொஞ்சமில்லை, தண்ணீர் ஊற்றினால் நிற்கும். போதாததற்கு இரண்டு பக்கமும் சிவப்புக் கரை வைத்திருந்தார். கரையில்லாமல் ஒரு துணி தன் தறியை விட்டு இறங்கியதில்லை என்று பெருமை வேறு.

துணி மலையேறி, விரித்து, செடி நடப்போன இடத்தில் மாட்டிக்கொண்டது. தயாரித்த ஆளே நேரில் வந்து சரிசெய்து, ஒரு உறுதிக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷ ஆர்டர். இல்லாவிட்டால் இத்தோடு சரி என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதினோரு குடும்பம் என் தறியை நம்பி இருக்கிறது. புறப்பட்டேன்.

தை மாதம். எங்கள் ஊரில் விடியற்காலைப் பனி, சிட்னியில் கொளுத்துகிற வெயில். விமான நிலையத்தில் என் பெட்டியைப் பார்த்து ஒரு நாய் உட்கார்ந்தது. அந்த நாய் உட்கார்ந்தால் பெட்டிக்காரன் எழுந்து ஓரமாக வர வேண்டுமாம். மனைவி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, முறுக்கு, கருப்பட்டி எல்லாவற்றையும் ஒரு அம்மாள் கையுறை போட்டு எடுத்து வைத்தாள். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அது முத்தையா எனக்குத் தெரியாமல் செருகிவிட்ட கோயில் புற்றுமண், வயிற்று வலி வந்தால் கரைத்துக் குடிக்க.

"இது என்ன?" என்றாள்.

"மண்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு அதிகாரிகள் ஓடி வந்தார்கள். முடிச்சை எடுத்தவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். வெளிநாட்டு மண்ணில் என்ன கிருமி இருக்குமோ, எங்கள் செடிகொடி என்ன ஆகும் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார்கள். எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்துவிட்டது. ஒரு கைப்பிடி மண்ணுக்கு இப்படிப் பதறுகிற நாட்டில் மலைக்கு என்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன். முறுக்கை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

சாகுல் வீட்டில் பரோட்டாவும் சால்னாவும். கடையநல்லூர் ருசி அப்படியே இருந்தது. இனி மூன்று நாளைக்கு இது கிடைக்காது என்று அவர் மனைவி இன்னும் இரண்டு வைத்தார். அவர் சொன்னது சரி. மறுநாள் மலைக்குப் போகிற வழியில் ஒரு கடையில் கறி அடைத்த ரொட்டிக் கிண்ணம் ஒன்றைத் தின்றேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அதன் மேல் தக்காளி சாஸை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா" என்றான் பக்கத்து மேசைக்காரன். பாவம், அவன் வேறு என்னத்தைக் கண்டான்.

சிட்னிக்கு மேற்கே மலை மேல் ஒரு சிறிய ஊர். கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரி கிரெக் வரவேற்றார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் 'மேட்' என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் 'மக்கா'தான் அது. அப்படிக் கேட்ட பிறகு அவர்கள் பேசிய இங்கிலீஷ் முழுதும் என் காதில் நெல்லைத் தமிழாகத்தான் விழுந்தது. விழுந்தபடியே எழுதுகிறேன். எனக்குப் புரியாத இடத்தில் சாகுல் சொன்னார்.

"வாங்க மக்கா, முதல்ல பாதுகாப்பு வகுப்பு" என்றார் கிரெக்.

கணுக்கால் ஆழமே உள்ள சதுப்பைப் பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் வீடியோ. பிறகு பரீட்சை. பாம்பைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. ஓடுவேன் என்று எழுதினேன். தப்பாம். அசையாமல் நின்று, பிறகு மேலதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம். மூன்றாவது தடவை தேறினேன். இரும்பு முனை பூட்ஸ், பளபளக்கிற பச்சைச் சட்டை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். திருவிழா டிராபிக்குக்கு நிறுத்திய ஊர்க்காவல் படைக்காரன் மாதிரி இருந்தேன்.

அடுத்து கிரெக்கின் வண்ணப்படம். சதுப்பில் குழாய் இறக்கி நீர்மட்டம் பார்க்கிறார்களாம். சரியாக இருந்தால் பச்சை. இறங்கினால் மஞ்சள், உடனே ஓர் அறிக்கை. இன்னும் இறங்கினால் சிவப்பு. ஏற்கெனவே எழுதிய அறிக்கை ஏன் பலிக்கவில்லை என்று இன்னோர் அறிக்கை.

"சிவப்பு வந்துட்டா கீழ தோண்டுறத நிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

கிரெக் சிரித்தார். "அது வேற டிபார்ட்மெண்ட் மக்கா."

சாகுல் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

ஒரு சதுப்பு கெட்டுப்போனால், வேறெங்கோ நல்லபடி இருக்கிற இன்னொரு சதுப்பை விலைக்கு வாங்கிப் பாதுகாப்பார்களாம். கணக்கு நேராகிவிடுமாம். என் காலை ஒடித்துவிட்டு, அடுத்த தெருக்காரன் காலை ஒடிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? எங்கள் பக்கம் குளத்தை முடிக்க இத்தனை வண்ணமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். பத்து லாரி இடிமண், ஒரு வளைவு, 'நகர்' என்று முடிகிற ஒரு பெயர் போதும். இவர்களாவது படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

மறுநாள் காலை விடுதியில் ரொட்டிக்குத் தடவ ஒரு சிறு டப்பா கொடுத்தார்கள். கறுப்பாக இருந்தது. தறிக்குப் போடுகிற மசை எப்படி இங்கே வந்தது என்று நினைத்தேன். தின்று பார்த்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை.

சதுப்புக்கு எங்களைக் கூட்டிப்போனவள் டோனா. துணி விரிக்கிற, செடி நடுகிற வேலையைக் குத்தகைக்குச் செய்கிறவள். நாற்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கெட்ட வார்த்தை. புகார் கொடுத்தது அவள்தான்.

"அந்தத் துணிய நெய்ஞ்ச மகராசன் நீதானா?" என்றாள். "ஒரு செடி இறங்கல. எங்க ஆளு ரெண்டு பேருக்குக் கத்தி பிடிச்சுக் கையெல்லாம் கொப்புளம்."

"எங்க மேஸ்திரி கொஞ்சம் மானஸ்தர்" என்றேன்.

காட்டுப் பாதையில் கிரெக் முன்னால் ஓட்டிப்போன பெரிய வண்டி திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. முன் சக்கரம் பாதையின் குறுக்கே ஓடிய வெடிப்பில் இறங்கியிருந்தது. போன வாரம் இது இங்கே இல்லை என்றாள் டோனா. "மேற்பரப்பில் சிறு மாற்றம்" என்றார் கிரெக், சாய்ந்தபடியே. எங்கள் பக்கம் பனவடலிசத்திரம் கரிசலும் கோடையில் கால் போகிற அளவு வெடிக்கும். மழை விழுந்தால் மூடிக்கொள்ளும். இது எப்போது மூடும் என்று கேட்டேன். இது மண் இல்லை, பாறை என்றாள் டோனா. அவள் தன் வண்டியிலிருந்து எங்கள் துணியில் ஒரு சுருளை இறக்கி நாலாக மடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். ஒரே உறுமலில் வண்டி வெளியே வந்தது. துணியில் ஒரு நூல் அறுந்திருக்கவில்லை! முத்தையா பார்த்திருக்க வேண்டும்.

முதலில் நல்ல சதுப்பைக் காட்டச் சொன்னேன். மேரி சதுப்பு என்று பெயர். எந்த மேரி என்று யாருக்கும் தெரியவில்லை. சதுப்பு என்றால் பள்ளத்தில் சாக்கடை மாதிரி தேங்கிக் கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது மலைச்சரிவில் ஏறிப் போகிறது. இடுப்பளவு கோரை. காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கி, பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் ஊறி வருகிறது. சில்லென்று இருந்தது. மழை பெய்து மூன்று வாரம் ஆயிற்றாம், ஆனாலும் கீழ் ஓரத்தில் விரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கை நிறைய அள்ளிக் குடித்தேன். பாதுகாப்பு விதியில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது என்றார் கிரெக்.

என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டான் பறந்து வந்து டோனாவின் தோளில் உட்கார்ந்தது. "இது குஞ்சுல வருசக்கணக்கா ஈர மண்ணுக்குள்ள குழி தோண்டிக்கிட்டுக் கெடக்கும். மண்ணு காஞ்சா உள்ளேயே செத்துரும்" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கெட்ட வார்த்தை பேசவில்லை.

அங்கிருந்து அரைமணி நேரம் தள்ளி மற்றது. அதே சரிவு, அதே கோரை. ஆனால் கோரை துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. மண் சாம்பலாகி, மிதித்தால் பொடிந்தது. நடுவில், மேலிருந்து கீழ் வரைக்கும், சிவப்புக் கரையோடு எங்கள் துணி. அத்தனை தூரம் தாண்டி வந்து நம்ம ஊர்ச் சரக்கைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

டோனா என் கையில் ஒரு கத்திரிக்கோலைக் கொடுத்தாள். முத்தையா மானத்தைக் காக்க நெருக்கி நெய்ததை, அவர் முதலாளியான நான் ஆஸ்திரேலியாவில் மண்டிபோட்டு ஓட்டை போட்டேன். முகத்தில் ஈ மொய்த்தது. ஆபரேஷன் தையல் இழுத்தது. சாகுல் தான் வியாபாரி, கத்திரிக்கிறவன் இல்லை என்று மரநிழலில் நின்றுகொண்டார்.

முப்பது ஓட்டை போட்டிருப்பேன். நட்ட செடிக்கு ஊற்ற டோனா வண்டித் தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்தாள். நான் இன்னும் கத்திரிக்காத பக்கத்தில் தண்ணீர் பரவி, துணி மேல் குளமாக நின்றது. வெயில் பட்டு மின்னியது.

"நிறுத்துங்க! யாரும் கத்திரிக்காதீங்க!" என்று கத்தினார் கிரெக். ஓடி வந்து நாலு கோணத்தில் படம் எடுத்தார். என்னையும் தண்ணீர் பக்கத்தில் குத்தவைத்துச் சிரிக்கச் சொல்லி எடுத்தார். "மக்கா, நீங்க நெய்ஞ்சது தப்பே இல்ல. இதுதான் வேணும். இனி எல்லாச் சுருளும் இப்படியே நெருக்கி நெய்யுங்க. அந்தச் சிவப்புக் கரையும் இருக்கட்டும், படத்துல எடுப்பா தெரியுது."

ரொட்டி தின்று முடிப்பதற்குள் குளத்தைக் காணோம். எங்கே போயிற்று? நான் துணியின் ஓரத்தைத் தூக்கி, பொடிமண்ணைக் கையால் ஒதுக்கினேன். அடியில் பாறை. அதில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. என் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். கடகடவென்று உள்ளே போயிற்று. இன்னும் ஊற்றியிருந்தாலும் போயிருக்கும். கிரெக்கைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால், அவர் போனில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டைத் துணி போட்டா இது பிழைக்குமா?" என்று டோனாவிடம் கேட்டேன்.

"மண்ணு மட்டும் அரிச்ச எடத்துல பிழைக்கும். நானே பிழைக்க வச்சிருக்கேன். பாறை வெடிச்ச எடத்துல என்னத்தப் போட்டாலும் பிழைக்காது" என்றாள். கத்திரிக்கோலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அந்தக் கடிதத்துல நீ கையெழுத்துப் போடாதன்னு நான் சொல்ல மாட்டேன். என் வண்டிக்கு டீசலும் அவங்கதான் போடுதாங்க. போடுததுக்கு முன்னால ஒருக்கா படிச்சிப் பாரு" என்றாள்.

படித்தேன். மறுநாள் மத்தியானம், குளிர்சாதன அறையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில். இந்தத் துணி விரித்த சதுப்பு பழைய நிலைக்குத் திரும்பும் என்று தயாரிப்பாளர் உறுதியளிக்கிறார் என்று ஒரு வரி. இரண்டாம் பக்கத்தில், இந்தக் கடிதம் எதோடு சேரப்போகிறது என்று எழுதியிருந்தது. மேரி சதுப்புக்கு அடியில் தோண்ட அனுமதி கேட்கிற விண்ணப்பம். அதாவது, சேதமானாலும் சரிசெய்ய வழி இருக்கிறது. அந்த வழி சங்கரன்கோவிலில் நெய்யப்படுகிறது. சாகுல் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிவிட்டு, "இதுல நான் ஒண்ணும் சொல்லதுக்கில்ல காக்கா. நீங்க பாத்துக்கோங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரில் அப்போது காலை. வெளியே வந்து முத்தையாவுக்குப் போன் போட்டேன். சேலைத் தறி இன்னும் நின்றுபோய், பின்னால் நாலே நாலு தறி ஓடுகிற சத்தம். மற்ற நாளெல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டும், இப்போது சாதாரணமாகப் பேசினாலே கேட்டது.

"நெருக்கி நெய்ஞ்சதுதான் வேணுமாம் வே. மூணு வருசத்துக்கு."

"பாத்தீயளா அண்ணாச்சி! நாஞ் சொன்னேம்லா! தரத்துக்கு எங்கன போனாலும் மதிப்பு உண்டும்" என்றார். அழுதுவிட்டாரோ என்னவோ, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப நின்ன தறியெல்லாம் துடைச்சு வைக்கட்டா?"

வையும் என்றேன்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மலை என் மலையா, தட்டான் என் தட்டானா, பதினோரு குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்று எல்லா நியாயமும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒருவரும் கேட்காததுதான் கஷ்டமாகப் போயிற்று. கிரெக் என் முதுகில் தட்டினார். டோனா வாசலில் வண்டியில் சாய்ந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், சிகரெட்டை அணைத்தாள், விமானம் தவறிவிடும் ஏறு என்றாள். வழியெல்லாம் கிரிக்கெட் பற்றிப் பேசினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பி ஆறு மாதமாகிறது. இருபது தறியும் ஓடுகிறது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எல்லார் வீட்டிலும் புதுத்துணி. பொய் சொல்லக் கூடாது, நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். போன திங்கட்கிழமை அடுத்த ஆர்டர் வந்தது. நீளம், அகலம், சிவப்புக் கரை எல்லாம் எழுதி, விரிக்க வேண்டிய இடம் மேரி சதுப்பு என்று போட்டிருந்தது. முத்தையா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இது புது எடமா அண்ணாச்சி? அங்கனயும் தண்ணி வத்திட்டா?"

"இல்ல வே. நல்லா ஓடுது. நானே குடிச்சேன். இனிமேத்தான் தோண்டப் போறாங்க. அனுமதி கிடைக்கணும்னா துணி முன்கூட்டியே கையில இருக்கணுமாம்."

முத்தையா தறிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உசுரோட நடமாடுத ஆளுக்கு எந்தச் சம்பந்தக்காரனாவது பொணத்துக்குப் போத்துத கோடித்துணி எடுத்து வைப்பானா அண்ணாச்சி?"

"தறியில பாவு ஏத்தும் வே" என்றேன்.

ஏற்றினார்.